அதிகாலை ஐந்து மணியும் கூடத்து வெயிலும்: ஒரு வாசகிக்கு மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவருக்கு வயது 49. பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

குளிர்காலம் தொடங்கி ஆறு வாரமாகிறது. வேலையும் வீட்டிலிருந்தபடியே என்பதால், நாளின் பெரும்பகுதி நான்கு சுவருக்குள் கழிகிறது. இரவு மூன்று மணி சுமாருக்குக் கழுத்தும் மார்பும் குப்பென்று வியர்த்து விழிப்பு வருகிறது. போர்வையை உதறினால் ஐந்து நிமிடத்தில் உடல் நடுங்குகிறது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்க இவர் விரும்ப, 53 வயதான கணவர் எழுந்துபோய்ச் சாத்துகிறார். காலையில் விரல்கள் விறைத்திருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகுகின்றன. இரண்டு மாதமாக இடது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உதிர்ந்து அரிக்கிறது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. யாராவது அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாலோ, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாலோ கத்திவிடுகிறார். பிறகு குளியலறையில் நின்று அழுகிறார். மாதவிடாய் ஓராண்டாக ஒழுங்கில்லை. கடைசியாக வந்து நான்கு மாதமாகிறது.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மற்றவர்கள் எழுவதற்கு முன், ஐந்து மணிக்குச் சமையலறையில் சூடான குவளையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்காரும் அரைமணி நேரம். பதினொரு மணி வாக்கில் கூடத்துத் தரையில் விழும் வெயில். அது நகர நகர நாற்காலியையும் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்காருவது. இஸ்திரி போட்ட துணியின் சூட்டை மடிக்கும் முன் ஒரு கணம் கன்னத்தில் ஒற்றிக்கொள்வது. மாலையில் அரைமணி நேரம், பொறுக்கும் சூட்டில் வெந்நீர்க் குளியல். "இவையே போதும் என்று தோன்றுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். வீடே போதும் என்று ஒடுங்குவது மனச்சோர்வின் தொடக்கம் என்கிறார் தோழி. இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள் என்கிறார் நாத்தனார். இதற்கிடையில் குளிர்காலத்தில் வைட்டமின் டி குறையும் என்று கேள்விப்பட்டு, வாரம் ஒன்று எடுக்க வேண்டிய அதிக அளவு மாத்திரையை வாங்கி, சீக்கிரம் பலன் கிடைக்கட்டும் என்று மூன்று வாரமாகத் தினமும் ஒன்று எடுத்துவருகிறார். தனிப் படுக்கை கேட்டால் கணவர் மனம் நோகுமோ என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த "போதும்" என்ற சொல்தான். அதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இன்றே நிறுத்த வேண்டிய மாத்திரை

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. தேவைக்கு மேல் போனால் சிறுநீரோடு வெளியேறிவிடாமல் உடலில் தங்கிச் சேரும். 70 வயது வரையிலான ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 600 அலகு. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு 4,000 அலகு. வாரம் ஒரு முறைக்கான மாத்திரையில் பல்லாயிரம் அலகுகள் இருக்கும். அதைத் தினமும் எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி என்று தொடங்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பயந்துபோக வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இன்றோடு நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். கால்சியம் மாத்திரை தனியாக எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் முடிவு வரும்வரை வேண்டாம். குளிரில் தாகம் மட்டுப்படும் என்பதால், தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். வாந்தியோ குழப்பமோ இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயிலில் உட்காருவதால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூடிய ஜன்னல் வழியாக வரும் வெயிலால் அது கிடைப்பதில்லை; அதற்குத் தேவையான புறஊதாக் கதிரின் அந்தப் பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆனால் அந்த வெயிலுக்கு வேறொரு பயன் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இது மனச்சோர்வா?

மனச்சோர்வு இருக்குமோ என்று சந்தேகிக்கும்போது மருத்துவர்கள் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் எளிமையானவை. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்களில் மனம் கவிந்து, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டமும் இன்பமும் அற்றுப்போயினவா? இரண்டாவது கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. வெயில் நகரும்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு கூடவே நகரும் ஒருவருக்கு, இஸ்திரித் துணியின் சூட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, இன்பத்தை உணரும் திறன் மரத்துப்போகவில்லை. மனச்சோர்வின் நடுவில் இருப்பவர்கள் என் முன்னால் அமர்ந்து சொல்வது முற்றிலும் வேறாக இருக்கும். குவளை கையில் இருக்கும், ஆறிப்போயிருக்கும், குடித்தோமா இல்லையா என்று நினைவிருக்காது. அவர்களுக்கு வீடு போதுமானதாக இருப்பதில்லை, வீடும் சேர்ந்தே கசக்கிறது.

தனிமையை நாடுவதும் மனிதர்களிடமிருந்து விலகுவதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியும். உங்கள் தோழியின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வாசல் பக்கமிருந்து பார்க்கிறார். உள்ளேயிருந்து பார்க்க உங்களுக்கு ஓர் அளவுகோல் தருகிறேன். அந்த அரைமணி நேரம் முடிந்து மகள் எழுந்து வரும்போது, அவளைப் பார்க்க மனம் இணக்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்த நேரம் உங்களுக்கு ஓய்வாக இருந்திருக்கிறது. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு கனத்து, எங்காவது போய் ஒளியலாம் என்று நாள்தோறும் தோன்றினால், அதை என்னைப் போன்ற ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

குளிர்கால மனச்சோர்வு என்று ஒரு தனி வகையே இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 1984இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் உடன் ஆய்வாளர்களும் அதை விவரித்து எழுதினார்கள். அதன் வழக்கமான போக்கு, ஆண்டுதோறும் குளிரோடு வந்து வெயில் காலத்தில் விலகுவது. அளவுக்கு மீறித் தூங்குவது, மாவுப் பண்டங்களின்மேல் ஆசை, எடை கூடுவது, கை கால் ஈயம்போலக் கனப்பது. உங்களுக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது. சென்ற குளிர்காலம் நன்றாகவே போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொருந்தவில்லை. ஆனாலும் பகல் சுருங்கிய காலத்தில் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் உடலின் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது கண் வழியாகப் போகும் ஒளிதான். ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில் வீட்டு விளக்கு சில நூறு என்றால், மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால்தான் மற்ற மாதங்களில் ஜன்னலோரத்தோடு நின்றுவிடும் வெயில் உங்கள் கூடத்தின் நடுவரை வருகிறது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி நீங்கள் செய்துகொண்டிருப்பது நல்ல காரியம். அதோடு காலையில் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்தால், இரவுத் தூக்கத்துக்கும் அது உதவும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்ற காலத்தைவிடக் கூடுதல். ஐந்து மணிக் குவளை ருசிக்காமல் போய், அது இரண்டு வாரம் நீடித்தால், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி சரி. 45க்கும் 55க்கும் இடையில் பெரும்பாலான பெண்கள் கடக்கும் மாற்றம்தான் இது. எல்லாருக்கும் வருகிறது என்பதற்காக எல்லாரும் சகித்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் காக்கும் ஒரு மையம் இருக்கிறது. அது சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்று ஓர் இடைவெளியை அனுமதிக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும் காலத்தில் அந்த இடைவெளி மிகவும் ஒடுங்கிவிடுவதால், கனத்த கம்பளிக்குள் சேரும் கொஞ்சம் சூட்டையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. வியர்வை ஆவியானதும் நடுக்கம் வருகிறது. ஒரே இரவில் புழுக்கமும் குளிரும் மாறி மாறி வருவது உங்கள் கற்பனை இல்லை. கனமான ஒரு கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வைகள் மூன்றை அடுக்கிப் போர்த்தி, ஒவ்வொன்றாக விலக்கிப் பழகினாலே பலருக்குப் பாதித் தொல்லை குறைகிறது.

அதற்கும் குறையாவிட்டால் மருந்து உண்டு. இந்த வியர்ப்புக்கு மிகவும் பலன் தருவது ஹார்மோன் சிகிச்சை. அதன் மேல் பரவியிருக்கும் அச்சத்தின் பெரும்பகுதி, 2002இல் வெளியான ஓர் அமெரிக்கப் பேராய்விலிருந்து வந்தது. அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே இருந்து, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்களுக்கு, தடைகள் ஏதும் இல்லையென்றால், நன்மையே மிகுதி என்பது இன்றைய கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக் குழாயில் உறைகட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எதுவும் இருந்தால் பொதுவாகக் கொடுப்பதில்லை. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரக் கூடாது, கூடவே புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். ஆகவே யாருடைய சீட்டையும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஹார்மோன் வேண்டாம் என்றாலும் ஒத்துக்கொள்ளாது என்றாலும், ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. எதுவும் எடுக்காமல் கடப்பதும் ஒரு வழிதான். அது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், நாத்தனாருடைய முடிவாக இருக்கக் கூடாது.

அசதி, வறண்ட தோல், மனநிலை மாற்றம் ஆகியவற்றையெல்லாம் மாதவிடாயின் கணக்கில் எழுதிவிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே முகத்தோடு வரும். கால்சியத்துக்கு இரத்தம் கொடுக்கும்போதே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்கு மாதம் வரவில்லை என்பதால் நின்றுவிட்டது என்று கொள்ள முடியாது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராவிட்டால்தான் அப்படிச் சொல்வோம். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்கள், கடைசி மாதவிடாய்க்குப் பிறகும் இரண்டு ஆண்டு கருத்தடையைத் தொடர வேண்டும். உங்களுக்கு இது பொருந்தும் என்றால், வீட்டிலேயே ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

தோளைக் குளிர் உறைய வைக்கவில்லை

இடது தோள் குளிரால்தான் பிடித்துக்கொண்டது, வெயில் வந்தால் விட்டுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உறுதியாகத் திருத்த விரும்புகிறேன். நீங்கள் விவரிப்பது ஃப்ரோஸன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம்போலத் தெரிகிறது. 1934இல் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் வைத்த அந்தப் பெயரில் உறைதல் என்ற சொல் இருந்தாலும், குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது அது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்கு அதிகம்; சர்க்கரை நோயும் தைராய்டுக் கோளாறும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரையைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிமுன் நின்று இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கி முன்கைகளை நேராக முன்னால் நீட்டிக்கொண்டு, இரண்டு முன்கையையும் வெளிப்பக்கமாக விரித்துப் பாருங்கள். வலது கை கதவு திறப்பதுபோலப் போய், இடது கை பாதியில் நின்றுவிட்டால் என் ஊகம் வலுப்படும். வெயில் காலம் வரை காத்திருந்தால் அந்தப் பாதியும் குறையலாம். வலி மிகுந்த தொடக்கக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நிவாரணம் தருகிறது; பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் மென்மையான பயிற்சிகள் அசைவைக் காக்கின்றன. யாரையாவது விட்டு இழுத்து முறுக்கி உதறச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். முழுதாக விட ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவரை கொக்கியை முன்பக்கம் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விரல் விறைப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகிவிடுவதால் எனக்குக் கவலையில்லை. ஒரு மணி நேரம் நீடித்தாலோ, இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தாலோ முடக்குவாதத்துக்கான பரிசோதனை தேவை. ஊசி நூல் விஷயம் வெள்ளெழுத்து. விழி வில்லை இறுகிவிடுவதால் வருவது. மங்கலான குளிர்கால வெளிச்சத்தில் கண்மணி விரிந்து எழுத்து இன்னும் கலங்கும். படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தப் பதினொரு மணி வெயிலில் நூல் கோத்துப் பாருங்கள், மகளைக் கூப்பிட வேண்டியிருக்காது. கண்ணாடிக்குப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குளியலை நிறுத்தச் சொல்வேனோ என்று பயந்திருப்பீர்கள். நிறுத்த வேண்டாம். அரைமணி நேரத்தைப் பத்து நிமிடமாகவும் சூட்டை வெதுவெதுப்பாகவும் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தோலின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்க் காலை அரிக்க வைப்பது அந்தச் சூடுதான். துடைத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் மிச்சமிருக்கும்போதே கெட்டியான மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். தூங்கப்போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு குளித்தால், விரிந்த இரத்தக் குழாய்கள் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கை கால் வழியாக வெளியேற்றி, தூக்கம் சீக்கிரம் வரவும் உதவும்.

தனிப் படுக்கை

ஜன்னல் வழக்கில் உங்கள் கணவர் பக்கமும் நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்ப் பகுதி வீடுகளின் உள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாதிருப்பது நல்லது என்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும், 53 வயதில் அது பொருட்படுத்த வேண்டியதுதான். படுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து காற்று மாற்றிவிட்டுச் சாத்துங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அறையில் எரியும் கணப்பு கரியோ எரிவாயுவோ என்றால், வெளியே புகைபோக்கி இல்லாமல் மூடிய அறையில் அதை வைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மின் ஹீட்டருக்கு இந்த ஆபத்து கிடையாது.

தனிப் படுக்கை கேட்பது தவறில்லை. ஆனால் மூன்று மணிக்கு, வியர்த்து எழுந்த கோபத்தில் கேட்டால், அது படுக்கையைப் பற்றிய பேச்சாக அவர் காதில் விழாது. பகலில், இருவரும் சும்மா இருக்கும் ஒரு நேரத்தில், "ராத்திரி நாலு தடவை எழுந்து உட்காருகிறேன், உங்களுக்கும் தூக்கம் கெடுகிறது. ஒரு மாதம் தனித்தனிப் போர்வையில் படுத்துப் பார்ப்போம், அதிலும் தூக்கம் வராவிட்டால் நான் அந்த அறையில் படுக்கிறேன்" என்று காரணத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் உடலில் நடப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துச் செல்ல முடிந்தால், பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். இந்தப் பருவத்தில் பிறப்புறுப்பு வறட்சியால் தாம்பத்தியத்தில் வலி ஏற்பட்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டே தனியே படுக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படியென்றால், அதற்கென்றே பூச்சு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

கோபமும் அழுகையும் எங்கே என்று தேடுவீர்கள். ஆறு வாரமாக மூன்று மணிக்கு எழுந்துகொண்டிருப்பவருக்கு ஈரத் துண்டு பெரிய காரணம்தான். தூக்கம் சீரான பிறகும் அது அடங்காவிட்டால் தனியாகப் பேசுவோம். இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும், கால்சியம் அளவையும் கண்ணாடிமுன் தோள் எதுவரை போனது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.